கோலிகுண்டு உருளாத இடம்

எழில்மதிக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறி நின்றது.

பின்னே என்ன? பள்ளி விடுமுறை முழுக்க அவள் சைக்கிள் மிதித்துக்கொண்டே இருக்கிறாள். பின்சக்கரம் விர்ரென்று சுற்றுகிறது. ஆனால் சைக்கிள் வாசலை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. எப்படி நகரும்? ஸ்டாண்டு போட்டல்லவா நிற்கிறது!

அது அக்காவுக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிள். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். எழில்மதி ஐந்து முடித்து ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போகப்போகிறாள். களமருதூரில் அவள் தோழர்கள் எல்லாரும் சைக்கிளில்தான் போவார்கள்.

"ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள ஓட்டக் கத்துக்கோ. இல்லன்னா சித்தப்பா வூட்டுக்குக் குடுத்துடுவேன். சும்மா துரு புடிச்சிக்கினு நிக்கறதுக்கு, ஓட்டறவன் கையில இருக்கட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

அவளுக்குக் கற்றுக்கொடுக்க வந்தவன்தான் தமிழழகன். கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில் இருக்கும் தங்கதுரை மாமாவின் மகன். அவளைவிட ஒரு வயது பெரியவன். வாய் மட்டும் பத்து வயது பெரியது.

"சைக்கிள் கத்துக்கறதுல முக்கியமானது இன்னா தெரியுமா? எடம்!" என்றான் வந்த அன்றே. "நெதர்லாந்துல சைக்கிளுக்குன்னே தனி ரோடு இருக்கு. டென்மார்க்குலயும் இருக்கு. நான் போன்ல பாத்தேன்."

"நாம எப்போ டென்மார்க் போறது? இங்கயே, ஏரிக்கரை ரோட்டுலயே ஏறட்டுமா?"

"அவசரப்படாத. நம்ம பக்கத்துல எது நல்ல எடம்னு மொதல்ல பாத்துட்டு வருவோம்."

அதைச் சோதிக்க அவன் டவுசர் பையில் ஒரு பச்சைக் கோலிகுண்டு இருந்தது. அதைத் தரையில் வைப்பான். அது உருண்டால் இடம் சரிவு, சரிப்படாது. உருளாமல் நின்றாலோ, வேறு ஏதாவது சரிப்படாது!

முதலில் கருணாபுரம் போனார்கள். மாமா சாமான் ஏற்றி ஓட்டும் குட்டியானை வண்டியில் சைக்கிளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனார்கள். தெருவில் குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. ஒரு பக்கம் ஆட்டோ, ஒரு பக்கம் நாய்க்குட்டிகள்.

"இன்னா தமிழு, அதிசயமா சைக்கிள்லாம் தள்ளிக்கினு வர?" என்று குழாயடியில் நின்ற ரங்கம்மாள் அக்கா கேட்டார். "பாப்பாவுக்கா? ஏறு கண்ணு, நான் புடிச்சிக்கறேன்."

எழில்மதி ஏறப் போனாள். அதற்குள் தமிழழகனின் முகம் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. "வேணாம்க்கா, வேணாம். இங்க கூட்டம் ஜாஸ்தி" என்று சைக்கிளை விறுவிறுவென்று தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்தது கல்வராயன் மலை. வெள்ளிமலைக்கு மாமா மளிகைச் சாமான் இறக்கப் போனபோது இவர்களும் தொற்றிக்கொண்டார்கள். சில்லென்ற காற்று, சுற்றிலும் மரங்கள். எழில்மதிக்கு மனசு குதித்தது. தமிழழகன் ஒரு வளைவில் கோலிகுண்டை வைத்தான். வைத்ததுதான் தெரியும். அது கடகடவென்று ஓடி, ஒரு துள்ளுத் துள்ளி, புதருக்குள் போய்விட்டது. அதைத் தேடி எடுக்கவே அந்தப் பொழுது சரியாகப் போயிற்று.

"இங்க ஓட்டுனா நேரா அடிவாரத்துல, கச்சிராயபாளையத்துல போய்தான் நிப்பீங்க" என்று மாமா சிரித்தார்.

"கீழ போறதுக்கு மிதிக்கவே வேணாம். மேல வர்றதுக்கு மிதிக்கவே முடியாது. இதுக்கு எதுக்குடா சைக்கிளக் கட்டித் தூக்கிக்கினு வந்தோம்?" என்று கேட்டாள் எழில்மதி. தமிழழகன் காதில் விழாததுபோல் மேகத்தைப் பார்த்தான்.

பிறகு ரிஷிவந்தியம். கோயில் தெரு நல்ல அகலம். கோலிகுண்டை வைத்தான். அப்படியே நின்றது!

"நிக்குதுடா! நிக்குது!" என்று எழில்மதி துள்ளினாள்.

"அங்க பாரு, மாடு."

"அது பாட்டுக்கு ஓரமாப் படுத்துக்கினு இருக்கு."

"எழுந்து ஓடி வந்தா?"

மாடு எழுந்து போகட்டும் என்று இருவரும் நிழலில் உட்கார்ந்தார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. மாடு அசைபோட்டது, காதை ஆட்டியது, மறுபக்கம் திரும்பிப் படுத்தது. எழவே இல்லை. மாமாவின் வண்டி கிளம்ப நேரமாகிவிட்டது. போகிற வழியெல்லாம் எழில்மதி அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

இப்படியே நாள் ஓடி, விடிந்தால் பள்ளிக்கூடம் என்கிற ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது.

"கண்டுபுடிச்சிட்டேன்!" என்றான் தமிழழகன். "உங்க ஊரு ஏரிக்கரை ரோடுதான் பெஸ்ட். புது தார் ரோடு. சரிவு இல்ல, கூட்டம் இல்ல, மாடு இல்ல."

"இத மொத நாளே நான் சொன்னேனா இல்லையாடா?" என்று எழில்மதி பல்லைக் கடித்தாள்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனார்கள். போய்ப் பார்த்தால், தார் ரோடு எங்கே? தெரியவே இல்லை! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை காய்ந்த உளுந்துச் செடி பரப்பிக் கிடந்தது. கொளஞ்சியம்மாள் பெரியம்மா பரப்பியது. ரோட்டில் போகும் பஸ்ஸும் வண்டியும் மேலே ஏறினால் காய் உடைந்து உளுந்து உதிர்ந்துவிடும். ஊரில் வழக்கமாகச் செய்வதுதான்.

"சுத்தம்!" என்று எழில்மதி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் பைக் வேகமாக வந்தது. செடியில் சக்கரம் வழுக்கியது. ஓட்டி வந்தவர் தொபுக்கென்று விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு. நல்லவேளை, அதற்குமேல் ஒன்றுமில்லை. அவர் போட்ட சத்தத்தில் ஊரே கூடிவிட்டது. ரோட்டில் கொட்டியது யார், உடனே அள்ளு என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"தப்புதாங்க. அள்ளிடறேன்" என்றார் பெரியம்மா. குரல் உடைந்துபோயிருந்தது.

கூட்டம் கலைந்தது. பெரியம்மா தனியாகக் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார். மேற்கே, மலைப்பக்கம் மேகம் கறுத்துத் திரண்டிருந்தது.

எழில்மதி சைக்கிளைப் பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஸ்டாண்டு போட்டாள்.

"வாடா, அள்ளலாம்."

"இப்போ ரோடு காலியாவுது, நாம..."

"வாடான்னா!"

மூவருமாகச் செடிகளைக் கட்டுக் கட்டாகச் சுமந்து பக்கத்திலிருந்த நெற்களத்தில் போட்டார்கள். சிமெண்டுத் தரை போட்ட, பெரிய, அகலமான களம்.

"டிராக்டர் வராதா பெரியம்மா?" என்று கேட்டாள் எழில்மதி.

"நம்ம துண்டு நெலத்துக்கு நாளான்னிக்குத்தான் வருவாங்களாம். அதுக்குள்ள மழை புடிச்சிக்கினா மொளச்சிப் பூடும் கண்ணு. அம்புட்டும் வீணு." பெரியம்மா ஒரு தடியை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். அவ்வளவு செடியையும் ஒரு தடி எப்போது அடித்து முடிப்பது?

எழில்மதி களத்தில் நடந்தாள். காலடியில் காய்கள் படபடவென்று வெடித்தன. கறுப்பு உளுந்து விரலிடுக்கில் உருண்டது. செடி மெத்தென்று இருந்தது. அவள் சட்டென்று நின்றாள்.

"பெரியம்மா, இதுக்குச் சக்கரம்தானே வேணும்? சைக்கிள் சக்கரம் ஆவாதா?"

பெரியம்மா தடியை நிறுத்தினார். "ஒண்ணு ஓடுனா இன்னாத்துக்கு ஆவும்? நாலஞ்சு ஓடுனா ஆவும்."

எழில்மதி ஓடினாள். அவள் தோழர்கள் கவியரசனும் தேவதர்ஷினியும் இன்னும் இரண்டு பேரும் சைக்கிளோடு வந்துவிட்டார்கள். பெரியம்மா செடியை மெல்லிசாகப் பரப்பினார். மணி அடித்துக்கொண்டு அவர்கள் சுற்றத் தொடங்கினார்கள். பட், பட், படபட! களமே சடசடத்தது.

தமிழழகன் கோலிகுண்டை எடுத்துச் செடிமேல் வைத்தான். அது உருளவில்லை. பொதுக்கென்று உள்ளே போய் மறைந்தது.

"இது ரோடே இல்ல எழிலு. டென்மார்க்குல..."

"போதும்டா!" எழில்மதி போட்ட சத்தத்தில் தடியோடு பெரியம்மாவே திரும்பிப் பார்த்தார். "இத்தன நாளா ஊரு ஊரா என்ன அலைய வுட்ட. கோலி, மாடு, டென்மார்க்கு! நாளைக்கு ஸ்கூலு. சீட்டப் புடி. நான் ஏறப் போறேன்!"

ஏறினாள். இரண்டு மிதி மிதித்தாள். விழுந்தாள். வலிக்கவே இல்லை! வைக்கோல்போரில் விழுந்த மாதிரி இருந்தது. எழுந்தாள், ஏறினாள், மறுபடியும் விழுந்தாள்.

"வுழு கண்ணு, நல்லா வுழு!" என்று பெரியம்மா சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான். "நீ வுழுந்தாலும் காய் ஒடையுது!"

விழுவதற்குப் பயமில்லை என்றால் பயப்பட வேறு என்ன இருக்கிறது? எழில்மதி விழுந்து விழுந்து எழுந்தாள். மற்றவர்களின் சக்கரங்கள் ஏறி ஏறிச் செடி படிந்துபோக, ஓட்டுவதும் லேசானது. திடீரென்று பார்த்தால், சீட்டைப் பிடித்திருந்த தமிழழகன் தூரத்தில், பிய்ந்த செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றான். அவள் தனியாக ஓட்டிக்கொண்டிருந்தாள்!

"நான் ஓட்டறேன்! நானே ஓட்டறேன்!"

ஏரிக்கரையில் போய்க்கொண்டிருந்த அப்பா நின்று பார்த்தார். "ஓட்டு, ஓட்டு. சித்தப்பாகிட்ட இல்லன்னு சொல்லிடறேன்" என்று கத்திவிட்டுப் போனார்.

"தமிழு, நீ ஒரு ரவுண்டு ஓட்டேன்!" என்று கவியரசன் தன் சைக்கிளை நீட்டினான்.

தமிழழகன் அவசரமாகக் குனிந்தான். "என் கோலி... கோலியக் காணோம்" என்று செடிக்குள் துழாவினான். அவன் காதெல்லாம் சிவந்திருந்தது.

எழில்மதிக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. கருணாபுரத்தில் 'அதிசயமா சைக்கிள்லாம்' என்று அந்த அக்கா கேட்டது. எங்கே போனாலும் அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தது. ஒரு தடவைகூட ஏறாதது. அடப்பாவி! இவனுக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது!

அவளுக்கு வந்த கோபத்துக்கு அப்படியே ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பாள். வாயைக்கூடத் திறந்துவிட்டாள். ஆனால் அவன் இன்னும் குனிந்தே இருந்தான். நிமிரவே இல்லை.

"அவன் எனக்குப் புடிச்சிக்கினு ஓடி ஓடி டயர்டா இருக்கான்" என்றாள். "நீங்க போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க."

அவர்கள் குழாயடிக்குப் போனார்கள். எழில்மதி சைக்கிளை அவன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"ஏறுடா."

"எழிலு, அது வந்து... எங்க தெருவுல..."

"தெரியும். அவங்க வர்றதுக்குள்ள ஏறு. நான் சீட்டப் புடிச்சிக்கறேன்."

தமிழழகன் சுற்றுமுற்றும் பார்த்தான். மெதுவாக ஏறினான். "சரிவு இல்லையே?" என்றான்.

"மூடிக்கினு மிதி!"

மிதித்தான். ஹேண்டில்பார் இடப்பக்கம் போயிற்று, வலப்பக்கம் போயிற்று, பிறகு அவனும் சைக்கிளும் ஒன்றாகச் செடிக்குள் சாய்ந்தார்கள். வாயெல்லாம் சருகு. எழில்மதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அவனும் சிரித்தான்.

"டென்மார்க்குல இந்த மாதிரி எடம் இருக்காது எழிலு" என்றான் சருகைத் துப்பியபடி.

களத்தின் மறுபக்கத்திலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார்.

"தம்பி, அப்படியே இந்த மூலையிலயும் வந்து ரெண்டு தரம் வுழுந்துட்டுப் போப்பா. இங்க கொஞ்சம் ஒடையாம கெடக்குது!"