அம்மனுக்குப் போட்ட ஊசி

அடுப்பு மூட்டாமல் விடிந்த இரண்டாவது நாள் அது. தன் மேல் அம்மன் இறங்கிக் குறி சொல்லப் போகிறாள் என்று மாமியார் பெரியம்மாள் யார் வாயிலும் பருக்கை படவிடவில்லை. மருமகள் மங்கம்மாளை வைத்துக்கொள்வதா, பிள்ளையைப் பறித்துக்கொண்டு தாய்வீட்டுக்கு அனுப்புவதா என்பதுதான் குறி. தலைவலி மருமகளுக்கு வந்தால் பேய், மாமியாருக்கு வந்தால் அம்மன். நெல்லிவாசல் என்ற அந்த மலைநாட்டில் அப்படித்தான் பேர் வைத்திருந்தார்கள்.

"எம் புள்ளைய ஒரு தரம் தூக்கிக்கறேன் அத்தே…"

"பேய் புடிச்ச கையி. கிட்ட வராத."

மங்கம்மாள் நிமிர்ந்தாள். மாமியாரின் முகத்தில் பாதியைக் காணோம். ஒரு கண், அரை வாய். அந்த அரை வாய் பேசிக்கொண்டே இருந்தது. இல்லாத பாதியின் ஓரத்தில் கருக்கரிவாள் போல வெளிச்சம் பல் பல்லாக நெளிந்தது. தனக்குத் தலைவலி வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

புருஷன் ரங்கன் அவளுக்காக ஒடுகத்தூருக்கு நடந்துபோய் டாக்டர் இருதயசாமியைக் கூட்டிவந்திருந்தான். தாயின் பேச்சை அவன் மீறியது அந்த ஒரு தரம்தான்.

"ஒத்தைத் தலைவலிப்பா. பட்டினி கெடந்தாலே வரும்," என்றார் டாக்டர். "இந்த ஊசி எல்லாருக்கும் கேக்காது. கேட்டா ரெண்டு மணி நேரத்துல எழுந்து உக்காரலாம், வாந்தி மட்டும் கூடும். சண்டைக் காலம், சீமையிலேர்ந்து மருந்துக் கப்பல் வர்ல. ஒரே குப்பிதான் இருக்குது."

அதற்குள் வாசலில் பூசாரி வேடியப்பனின் உடுக்கை முழங்கியது. உள்ளே பெரியம்மாள் முனகி ஆடினாள். வாசலில் கூடியிருந்த ஜனம் கைகூப்பியது. மங்கம்மாள் மட்டும் வேறொன்றைப் பார்த்தாள். மாமியாரின் கை இடது கண்ணை அழுத்தியிருந்தது; விளக்கைப் பார்க்கமுடியாமல் முகம் திரும்பியிருந்தது. தனக்கு வலிக்கும்போதும் அப்படித்தான். ஊர்ந்துபோய்க் காதருகே கேட்டாள்.

"அத்தே, வெளிச்சம் அருவாப் பல்லாட்டம் நெளியுதா? எம் மூஞ்சி பாதி இல்லியா?"

முனகல் நின்றது. அந்த அடையாளத்தைப் பெரியம்மாள் கட்டினவனிடம்கூடச் சொன்னதில்லை.

"உனுக்கு யாருடி சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. எனக்கும் அப்படித்தான் தெரியுது. இப்பக்கூட."

ஒருத்திக்கு ஒருத்தி பாதி முகமாக, இருவரும் அந்த இருட்டறையில் பார்த்தபடி இருந்தார்கள்.

"இருவது வருசமா…" பெரியம்மாளின் குரல் உடைந்தது. "நோவு தாங்காம கத்துவேன். அத குறின்னாங்க. நானும் நம்பிட்டேன்."

டாக்டர் குப்பியை உடைத்தார். மங்கம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

"அவங்களுக்குப் போடுங்க."

"உனுக்காகத்தான கூட்டியாந்தேன்," என்றான் ரங்கன்.

"நான் தாங்கிக்குவேன். அவங்க தாங்கினது போதும்."

ஊசி இறங்கியது. பெரியம்மாள் இரண்டு முறை வாந்தியெடுத்தாள், தூங்கினாள். உச்சிப்பொழுதில் எழுந்து, எதையோ தேடுவதுபோலத் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"அம்மன் போய்ட்டாளா…" என்றாள். அவள் கண் நிறைந்தது சந்தோஷத்தாலா, இழந்ததாலா, யாருக்கும் புரியவில்லை.

"அம்மன் இன்னா சொல்றா?" என்று வெளியே குரல் வந்தது. மங்கம்மாள் வலியில் சுருண்டு கிடந்தாள். பெரியம்மாள் குறி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருபது வருட மரியாதை நிலைக்கும். அவள் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"அம்மன் ஒண்ணும் சொல்லல. எனக்கு இருந்தது நோவு. இவுளுக்கும் அதே நோவுதான். பேயின்னு பழி போட்டவ நானு. எல்லாம் வூட்டுக்குப் போங்க."

ஒருவரும் நகரவில்லை. அம்மனே இப்படிச் சொல்கிறாள் என்று இரண்டு பேர் காலில் விழுந்தார்கள். பெரியம்மாள் கதவைச் சாத்தினாள். பிள்ளையை மருமகளின் மார்போடு படுக்கவைத்து, அவள் தலையைத் தன் மடியில் ஏந்திக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கடி கண்ணு…"

அவள் விரல்கள் மருமகளின் நெற்றிப்பொட்டில் இறங்கின. எங்கே அழுத்தினால் கொஞ்சம் விடும் என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.