கண்ணாடியில் துள்ளிய வெள்ளைப் புள்ளிகள்

"புழு இல்லைன்னா வேற என்னங்க அது? தொட்டி பூரா வெள்ளை வெள்ளையா துள்ளுது!"

"துள்ளுதுன்னு நீங்களே சொல்றீங்க. புழு நெளியும்… துள்ளாது."

"ரொம்பத் தெரிஞ்ச மாதிரி பேசாதீங்க, இன்ஜினியர் சார்!"

"இன்ஜினியர் இல்லீங்க. வளர்ப்பு மீன் விக்கிறவன். பேரு ஹாஸிம்."

யுஸ்ராவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. அலெக்ஸாந்திரியாவில் டாக்ஸிக்காரரைக்கூட மரியாதைக்கு இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுகிறோம். அதைப் போய்த் திருத்துகிறானே! நனைந்த முக்காட்டின் ஓரத்தைப் பிழிந்துவிட்டு, தொட்டித் தண்ணீர் பிடித்து வந்த ஜாம் பாட்டிலைக் கடை மேஜையில் டொக்கென்று வைத்தாள். வெளியே டிராம் தண்டவாளமே தெரியாத மழை.

போன வாரம் இவனிடம் ஒரு நீர்ச்செடி வாங்கினாள். அதற்கு அப்புறம்தான் வீட்டு மீன் தொட்டியில் இந்தத் தொல்லை.

ஹாஸிம் ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடித் துண்டில் விட்டு, பழைய மைக்ராஸ்கோப்பின் அடியில் தள்ளினான்.

"பாருங்க."

குனிந்தாள். அந்தச் சொட்டுக்குள் ஒரு குட்டி உயிர்… நெற்றி நடுவே ஒரே ஒரு சிவந்த கண். வாலுக்கு இரு பக்கமும் இரண்டு முட்டைப் பைகள்.

"ஐயோ… ரெண்டு கையிலயும் பையைத் தூக்கிட்டு சந்தையில இருந்து வர்ற எங்க அத்தை மாதிரியே இருக்கு!"

"சைக்ளாப்ஸ்னு பேரு. ஒண்ணும் பண்ணாது. மீன் குஞ்சுக்கு நல்ல சாப்பாடு. என் செடியில வந்திருக்கும்… அதை மட்டும் ஒத்துக்கிறேன்."

சிரித்தபடி நிமிர்ந்தாள். அவன் கண்கள் அத்தனை பக்கத்தில்… தேன் நிறத்தில், தூக்கம் கெட்டுச் சிவந்து. சட்டென்று பார்வையைத் திருப்பியபோதுதான் கவனித்தாள். கடையில் ஒருவருமே இல்லை.

"கூட்டமே காணோமே…"

"மூணு நாளா இப்படித்தான். மீன் வளக்கிறவங்க குரூப்ல யாரோ எழுதிட்டாங்க, டிராம் ஸ்டாப் எதிர்க் கடையில செடி வாங்கினா புழு வரும்னு. இப்படியே போனா கடையை மூடிட்டு அண்ணன்கூட கப்பல் வேலைக்குப் போக வேண்டியதுதான்."

யாரோ!

எழுதியது அவள்தான். புனைபெயரில். சொல்லாமல் போனால் இவனுக்குத் தெரியவே தெரியாது… பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். மழை முகத்தில் அடித்தது. கால் நகரவில்லை.

திரும்பி வந்தாள். போனை எடுத்தாள். அவன் முன்னாலேயே அந்தக் குரூப்பில் பேசி, குரல் பதிவு போட்டாள்.

"டிராம் ஸ்டாப் கடையைப் பத்தி எழுதினது நான்தான். என் பேரு யுஸ்ரா. அது புழு இல்லை. மீனுக்குச் சாப்பாடாகுற நல்ல பூச்சி. தப்பு என் மேலதான்."

போனை மேஜையில் வைத்தாள்.

"திட்டணும்னா திட்டுங்க" என்றாள், தரையைப் பார்த்து.

"திட்டலை. உங்க அப்பா நம்பரைக் கொடுங்க."

யுஸ்ராவின் முகம் வெளிறியது. "அப்பாகிட்ட போட்டுக் கொடுக்கப் போறீங்களா? அவருக்கு பிபி இருக்குங்க!"

"போட்டுக் கொடுக்க இல்லை…" ஹாஸிமின் காது நுனிவரை சிவந்தது. "போன வாரம் ஒரு செடிக்காக ஒவ்வொரு இலையா திருப்பிப் பாத்தீங்களே… அன்னிக்கே மனசு போயிடுச்சு. உங்க நம்பரைக் கேட்டா மரியாதை இல்லை. எங்கம்மாவோட, முறையா, உங்க வீட்டுக்கு வரணும்னு…"

பேனாவை அவள் பக்கம் மெல்ல நகர்த்தினான்.

"எழுதித் தர்றீங்களா, யுஸ்ரா…?"