ஒரு ரீலைக் காணவில்லை

அந்தக் கீறல் அவள் போட்டதல்ல.

திரையின் இடது ஓரத்தில், அடியை ஒட்டி, மயிரிழையாக ஒன்று. கொஞ்சம் மேலே ஏறும், நிற்கும், மறுபடி அடியிலிருந்தே தொடங்கும். அரங்கில் இருந்தவர்களுக்கு அது நூறு கீறல்களில் ஒன்று. ஒரே டிக்கெட்டில் இரண்டு படம், இரண்டுமே அந்தக் காலத்து மட்டரகத் திகில் படம் போலத் தெரியவேண்டும் என்று வேண்டுமென்றே எடுத்தவை. தூசி, கருகல், தாவல், கீறல் எல்லாம் பிறகு சேர்த்தது. புத்தம் புதுப் படத்தைக் கிழடாக்கும் அந்த வேலையைச் செய்தவள் அவள்தான். ஒன்றரை வருடம் உட்கார்ந்து ஒவ்வொரு கீறலாக இழுத்தவளுக்குத் தன் கையெழுத்து தெரியாதா? இது வேறு கை.

பக்கத்தில் இருந்த கொழுந்தனிடம் காட்டினாள். எல்லாம் உங்க கைவண்ணம்தானே அண்ணி என்று அவன் பாப்கார்னை நீட்டினான். நல்ல மனுஷன். அண்ணன் போனபிறகு வாரம் தவறாமல் வந்து, குழாய் ஒழுகுகிறதா, பல்பு போய்விட்டதா என்று ஏதாவது சாக்கு வைத்து உட்கார்ந்துவிட்டுப் போகிறவன். வீட்டிலேயே அடைந்து கிடந்தவளை இந்த மதியக் காட்சிக்கு இழுத்து வந்ததும் அவன்தான்.

அவள் வந்தது பார்க்க அல்ல, கேட்க. படத்தின் சத்தமெல்லாம் அவள் கணவர் உண்டாக்கியவை. முதல் படத்தில் மருத்துவமனை நீச்சல்குளத்துக்குள் நாய் அளவு அட்டைகள் புகுந்து நோயாளிகளைத் தின்றன. எலும்பு நொறுங்குவது அவர் ஒடித்த முள்ளங்கி. நர்ஸ் ஈரத்தரையில் ஓடுவது, அவளுடைய செருப்பையே கைகளில் மாட்டிக்கொண்டு அவர் குளியலறையில் அடித்த சத்தம். அட்டைக்கு ஏது பல், எலும்பை எப்படி நொறுக்கும் என்று அவள் கேட்டதற்கு, டிக்கெட் வாங்கினவன் அதெல்லாம் கேட்கமாட்டான் என்றார். ஒருவனும் கேட்கவில்லை. இந்த மாதிரிப் படத்துக்கு வரும் கூட்டம் திரையோடு பேசும் கூட்டம். "பின்னாடி பாரு" என்று நர்ஸுக்கு எச்சரிக்கை விடுவதும், அவள் செத்ததும் கைதட்டுவதுமாக இருந்தார்கள். அந்த இரைச்சலுக்குள் அவள் நிம்மதியாக அழுதாள். இருட்டில் அழுவதில் ஒரு வசதி, யாரும் கைக்குட்டை நீட்டமாட்டார்கள்.

இடைவேளையில் ஆபரேட்டர் அறைக்கதவைத் தட்டிக் கீறலைப் பற்றிக் கேட்டாள். ரீல் ஓடின காலமெல்லாம் போச்சும்மா, இப்ப எல்லாம் கம்ப்யூட்டர், புதுசா கீறல் விழ வழியே இல்லை என்று அவர் சிரித்தார். அவளுக்கு இது தெரியாததல்ல. தெரிந்துதான் கேட்டாள்.

இரண்டாவது படம் தொடங்கியபோது அவள் பயந்தது படத்துக்கு அல்ல, நடுவில் வரப்போகும் ஒரு ஸ்லைடுக்கு. 'ஒரு ரீலைக் காணவில்லை. மன்னிக்கவும். நிர்வாகம்.' பழைய கொட்டகைகளின் குளறுபடியைக் கிண்டல் செய்ய, கதையின் முக்கியமான கட்டத்தையே தூக்கிவிட்டு வைத்த ஸ்லைடு. இயக்குநருக்கு எதிலும் அரைகுறை ஆகாது. அந்த ரீல் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்றால் கிண்டலில் உப்பு இல்லை, அது நிஜமாகவே தொலையவேண்டும் என்றார். அதனால் ஒலி சேர்க்கும் முன்னே, கீறல் போடும் முன்னே, எல்லா டிஸ்க்கிலிருந்தும் அவளே அதை அழித்தாள். யூனிட்டே கைதட்டியது. அவள் கணவரும் தட்டினார்.

அந்த ரீலில்தான் அவர் இருந்தார். வாடகைக்கு இருப்பவர்களை உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்டும் ஒரு வீட்டுக்காரரைப் பற்றிய கதை அது. நிலவறைக் காட்சிக்குப் பிணங்கள் வேண்டும், துணை நடிகர்களுக்குக் கொடுக்கக் காசு இல்லை, ஆகவே யூனிட்டில் இருந்தவர்களே படுத்தார்கள். அந்தக் காட்சியில் ஒலிப்பதிவு இல்லாததால் அவரும் சட்டையில் சிவப்புச் சாயத்தை ஊற்றிக்கொண்டு படுத்தார், படுத்தவர் தூங்கியும் போனார். பிணமா நடிக்கறதுக்குக்கூட உங்களுக்குத் தூக்கம்தான் வருதா என்று அன்று முழுக்க அவள் ஓட்டினாள்.

ஒலிப்பதிவாளர் எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவர். வீட்டு விசேஷங்களிலும் படம் எடுத்தது அவர்தான். ஆல்பத்தில் தேடி, போனில் தேடி, சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பார்த்துவிட்டாள். அவர் அசைகிற படம் என்று அந்த ஒன்றைத் தவிர வேறு எதுவும் கிடையாது. படத்துக்கு ஒலி சேர்த்து முடித்த மாதமே, ஒரு பிற்பகல், ஒலிக்கூடத்துச் சோபாவில் ஹெட்போனோடு சாய்ந்து கிடந்தார். அசந்து தூங்குகிறார், தூங்கட்டும் என்று விளக்கை அணைத்துவிட்டு வந்தாள். எழுப்பியிருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார். அந்த மனுஷன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

திரையில் வீட்டுக்காரர் சாவிக்கொத்தோடு மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தார். படி முனகியது, அது அவள் கணவர் கதவிடுக்கில் வைத்து நெரித்த பழைய பெல்ட். அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே ஒன்றைக் கவனித்தாள். கீறல்கள் குறைந்துகொண்டே வந்தன. இந்த இடத்தில் மழை மாதிரிக் கொட்டியிருந்தாள், அது நினைவிருக்கிறது. இப்போது இரண்டு, பிறகு ஒன்று, பிறகு அதுவும் இல்லை. தூசி அடங்கியது. கருகல் மறைந்தது. படம் துடைத்துவிட்டது போலச் சுத்தமாக, நேற்று எடுத்தது போலப் பளிச்சென்று நின்றது. இந்தப் படத்தில் கீறல் விழாத ரீல் ஒன்றுதான், அவள் அழித்தது.

ஸ்லைடு வந்தது. அரங்கு வெடித்துச் சிரித்தது. "யோவ், ரீல் எங்கய்யா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

ஸ்லைடு போனது. நிலவறை வந்தது.

ஈரச்சுவர், தொங்கும் பல்பு, வரிசையாக ஆறேழு பிணங்கள், இடது ஓரத்தில், தரையோடு தரையாக, அவர். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. நீலச் சட்டை, நெற்றியில் விழுந்த முடி, கட்டைவிரலில் அந்தப் பழைய வெட்டுத் தழும்பு. அவர் கை கிடந்த இடம் அந்தக் கீறல் ஊர்ந்த இடம். அவளுக்குப் பயம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது, அழுகையோடு சேர்ந்து. இவ்வளவு நாள் பட்டினி கிடந்த கண்ணால் அவரைப் பார்த்தாள்.

கொழுந்தனின் கையைப் பிடித்தாள். "தம்பி, உங்க அண்ணன்."

"எங்க அண்ணி? ஸ்லைடுதான் இன்னும் நிக்குது" என்றான் அவன். அவன் கண்ணாடியில் வெள்ளை எழுத்து தெரிந்தது. சுற்றி எல்லோரும் அதைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்லைடு நீண்டதே பெரிய வேடிக்கையாகிவிட்டது.

வீட்டுக்காரர் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நடித்தவர் நிஜத்தில் பரம சாது, படப்பிடிப்புக்கு எல்லோருக்கும் பிஸ்கட் வாங்கி வருகிறவர். இந்த முகத்தில் அந்த ஆள் இல்லை. கரண்டியில் சிமெண்ட் அள்ளினார்.

கரண்டி சட்டியை உரசும் சத்தம் கேட்டது.

அந்த ரீலுக்கு ஒலியே கிடையாது.

முதல் வரிசைச் செங்கல் வைத்தார். அன்று வைத்தது தெர்மாகோல், வைக்கும்போது காற்றில் ஆடியது. இது கனமாக உட்கார்ந்தது. இன்னொன்று. அதன்மேல் இன்னொன்று. பக்கத்தில் இருந்த பிணங்கள் ஒவ்வொன்றாக எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, வேலை முடிந்தவர்களாக வெளியே போயின. அவரை யாரும் எழுப்பவில்லை. சுவர் முழங்கால் உயரம். இடுப்பு உயரம். அதற்குப் பின்னால் அவர் மல்லாந்து, வாய் திறந்து, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

தூங்கட்டும் என்று ஒருமுறை விட்டாள். இனி விடமாட்டாள்.

எழுந்து நின்றாள். "எழுந்திருங்க" என்று கத்தினாள். குரல் உடைந்தது. "ஏங்க, எழுந்திருங்க."

கூட்டத்துக்கு அது பிடித்துப்போயிற்று. முன்வரிசை திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, தானும் கத்தியது. எழுந்திருங்க. பின்வரிசை பிடித்துக்கொண்டது. எழுந்திருங்க. கைதட்டல் சேர்ந்தது, கால் தரையை உதைத்தது. கொழுந்தன் அவளை அண்ணாந்து பார்த்தான், அவன் கண் கலங்கியிருந்தது. இத்தனை நாள் சிரிக்காத அண்ணி இன்றைக்காவது வாயைத் திறந்தாளே என்று நினைத்திருக்கவேண்டும். அவனும் எழுந்து, கைதட்டி, அவளோடு சேர்ந்து கத்தினான்.

அவருக்கு எப்போதுமே காது கூர்மை.

கண் திறந்தார்.

சுவரில் ஒரு கல் அளவுக்குத்தான் இடைவெளி மிச்சம். அதன் வழியாக அரங்கைப் பார்த்தார், தேடினார், அவளைக் கண்டுபிடித்தார். தூக்கக் கலக்கத்தோடு சிரித்தார்.

"தூங்கிட்டேனாம்மா? ஷாட் முடிஞ்சுதா?"

பிறகு எழப் பார்த்தார். தலை இடித்தது. கையால் தடவினார். இந்தப் பக்கம் சுவர். அந்தப் பக்கம் சுவர். சிரிப்பு போயிற்று. மறுபடி அவளைப் பார்த்தார். இந்தமுறை முகம்தான் கேட்டது.

எழுப்பாமல் இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கூட்டம் நிறுத்தவில்லை. எழுந்திருங்க. எழுந்திருங்க. கொழுந்தன் குரல்தான் உரக்க.

வீட்டுக்காரர் கடைசிக் கல்லை வைத்தார். விளிம்பில் சிமெண்டை வழித்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். சுவர் ஈரமாக, முழுதாக நின்றது.

கடைசிக் கல் அசைந்தது. உள்ளிருந்து. ஒரு நூல் அளவு. இன்னும் கொஞ்சம்.

வீட்டுக்காரர் திரும்பி வந்தார். உள்ளங்கையை அதன்மேல் வைத்து, மெதுவாக, அது மறுபடி உள்ளே போகும்வரை அழுத்திக்கொண்டே நின்றார்.