நான்கு தட்டுகள்

காலைக் காப்பி ஆறுவதற்குள், சுவரில் பதித்த நாள்மொழிக் கருவி தானே எழுதிய நேற்றைய நாட்குறிப்பை வாசித்து முடித்துவிடும். வீட்டுக்கு வீடு அதே குழைவான குரல். கேட்டுவிட்டுப் பெருவிரலை வைத்தால் குறிப்பு முத்திரையாகும். அதன்பின் அதில் இருப்பதே நடந்ததாக நினைவில் நிற்கும்; இல்லாதது நினைவிலிருந்தும் உதிர்ந்துவிடும். குடும்பநல வாரியத்தின் ஏற்பாடு அது. ஊரில் விவாகரத்து என்ற பேச்சே இல்லை.

முத்தரசிக்கு ஒரு பழக்கம் உண்டு. படுக்கப்போகுமுன் நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கம் ஏதாவது கிறுக்கிப் பருப்பு டப்பாவில் போடுவாள். ராகுகாலம் பார்க்கிறவர்கள் இருக்கும்வரை தாள் காலண்டருக்கு அழிவில்லை. எழுதுவாளே தவிர எடுத்துப் படித்ததில்லை. படித்துக்காட்டத்தான் நாள்மொழி இருக்கிறதே.

அன்று பரணிலிருந்து பீங்கான் தட்டுகளின் பழைய பெட்டி கிடைத்தது. மேலே ஆறு தட்டுகளின் படம். அலமாரியிலோ நான்கு.

"ஏங்க, மிச்சம் ரெண்டு தட்டு எங்க?"

"நாலுதான வாங்கினோம்," என்றான் அவள் கணவன் வேலவன், தலை நிமிராமல்.

அந்த நிமிராத தலைதான் அவளை உறுத்தியது. எதையோ மறைக்கிறான். யாருக்குக் கொடுத்தான்? டப்பாவைக் கவிழ்த்தாள். அடியில் கிடந்த பழைய தாளில் அவள் கையெழுத்து: 'அப்பாவை எரியூட்டினோம். என் கணவர் வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டை உடைத்தேன்.'

கீழே வேலவனின் கோழிக்கிறுக்கல்: 'காலையில் நானும் பெருவிரல் வைத்துவிடுவேன். அதற்குள் எழுதிவிடுகிறேன். வராதது என் தப்பு.'

மயானத்தில் தன் தோளை அழுத்திய அவன் கையின் சூடு இன்னமும் நினைவிருந்தது. அந்தச் சூட்டை நம்பித்தான் இத்தனை வருடம் அவனோடு வாழ்ந்திருந்தாள்.

"அப்பா காரியத்துல நீங்க என் பக்கத்துல நின்னீங்கல்ல?"

"ஆமா. உன் தோளப் பிடிச்சுக்கிட்டுதான் நின்னேன்."

பொய் சொல்கிற முகமில்லை அது. தாளை நீட்டினாள். அவன் இரண்டு முறை படித்தான்.

"என் எழுத்துதான்," என்றான். "மன்னிச்சிடு முத்தரசி."

இதையும் எத்தனை தடவை சொல்லியிருக்கிறானோ, எத்தனை தடவை தானும் பெருவிரல் வைத்தாளோ. யாரைச் சந்தேகப்படுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"இப்ப வேணாம்," என்றாள். "நாளைக்குக் காலைல பெருவிரல் வைக்காம வந்து சொல்லுங்க."