உயர்சாறும் அன்னாசி எசன்ஸும்

முப்பத்தொன்பதாவது வளைவில் வண்டி யோசிக்க ஆரம்பித்தது. பூபாலன் முடுக்கியைத் தரையோடு சேர்த்து மிதித்தார். முன்திரையில் வழக்கமான வாசகம் எழுந்தது: ‘முயற்சி: 52 விழுக்காடு. எச்சரிக்கையாக இயங்குகிறேன்.’

“எச்சரிக்கையா இருக்கறதுக்கு நீ என்ன கலெக்டரா?” என்றார் பூபாலன்.

உள்ளே பதினாறு பேர் இருந்தார்கள். அனுமதி பதினோரு பேருக்குத்தான். அதைப் பற்றி வண்டியும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

“அண்ணா, நான் எறங்கி முன்னால நடக்கட்டுங்களா? ரேசன் கடை பூட்டறதுக்குள்ள போயிருவேன்” என்றது பின் இருக்கையில் ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. பூபாலனும் சேர்ந்து சிரித்தார். ஓட்டுநர் சிரிக்காவிட்டால் அவமானம் இரட்டிப்பாகும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒலிப்பானை நீளமாக அடித்துக்கொண்டு யுவராஜின் வண்டி வந்தது. யுவராஜ், பூபாலனின் மனைவி ரேணுகாவின் தம்பி. அதே கம்பெனி வண்டி, அதே ஆண்டு, அதே மலை. இணையாக வந்ததும் கண்ணாடியை இறக்கினான்.

“மச்சான், முன்னால ஆமை ஒண்ணு போகுதுங்க. பாத்துப் போங்க, அது இடிச்சுப்போட்டுப் போயிரும்.”

பதில் சொல்வதற்குள் அடுத்த வளைவைத் தாண்டிவிட்டான். நல்ல பதில்கள் எல்லாம் பூபாலனுக்கு இரண்டு வளைவு கழித்துத்தான் வரும்.

இரண்டு வண்டிக்கும் ஒரே ஒரு வேறுபாடு, எரிபொருள். யுவராஜ் ஊற்றுவது உயர்சாறு. பூபாலன் ஊற்றுவது பொதுச்சாறு. பங்கில் அதற்குப் பெயர் ‘சும்மா’. “உயருங்களா, சும்மாவுங்களா?” என்று கேட்பார்கள். ‘சும்மா’ என்று சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பது போலவே பூபாலனுக்குத் தோன்றும். லிட்டருக்கு நாற்பது ரூபாய் அதிகம் கொடுத்தால் அந்தப் பார்வையிலிருந்து தப்பலாம். ‘உங்கள் பொறி உங்களை நேசிக்கும்’ என்று பங்கின் நெற்றியில் எழுதி வைத்திருந்தார்கள். கட்டிய மனைவியிடமே உறுதியாகாத விஷயத்துக்கு லிட்டர் கணக்கில் பணம் கட்ட பூபாலன் தயாராக இல்லை.

ஆனால் இந்த மாதம் சிக்கல் வேறு மாதிரி வந்தது. மண்சரிவில் பாதை குறுகிவிட்டதால் மூங்கில்மலையில் ஓடும் ஒன்பது வேன்களில் எட்டுக்குத்தான் இனி அனுமதி என்று மலைச்சாலைக் குழு அறிவித்தது. தேர்வு வைப்பார்கள். ஐம்பத்திரண்டு வளைவையும் ஏற அதிக நேரம் எடுக்கும் ஒரு வண்டி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அது யாருடைய வண்டி என்று கேட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூடச் சொல்லும்.

பூபாலனுக்கு வயது ஐம்பத்து நான்கு. பாலிடெக்னிக்கில் வேதியியல் ஆய்வக உதவியாளராகப் பதினான்கு வருடம் இருந்து, கல்லூரி மூடியபோது கிடைத்த தொகையில் இந்த வேனை வாங்கினார். இதுவும் போனால் மூன்றாவதாக ஒரு பிழைப்பு கற்றுக்கொள்ள மண்டையில் இடமில்லை. ஒன்று, உயர்சாறு வாங்க வேண்டும். இல்லை, அது ஏமாற்று என்று நிரூபிக்க வேண்டும். கௌரவமான மனிதர் என்பதால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

இரண்டு சாறையும் இரண்டு பாட்டிலில் பிடித்து, பழைய சிநேகிதர் ஒருவர் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் கூறுகளைப் பிரித்துக் கோடாக வரைந்து காட்டும் கருவியில் செலுத்திப் பார்த்தார். திரையில் இரண்டு கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஏறி இறங்கின. உயர்சாற்றில் மட்டும் ஓரிடத்தில் சின்னதாக ஒரு முள். பூபாலன் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். சந்தேகமே இல்லை. பேக்கரியில் கேக்குக்கு ஊற்றும் அன்னாசி எசன்ஸ்.

இப்போதெல்லாம் எல்லா வண்டியிலும் பொறிமூளை உண்டு. எவ்வளவு பலத்தைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்வது அதுதான். மிதிப்பது நம் கோரிக்கை மட்டுமே. சாறு ஊற்றும் வாயில் ஒரு முகர்வி இருக்கிறது. அது மணத்தைப் பிடித்து மூளைக்குச் சொல்லும். ஆக, அன்னாசி மணந்தால் பலம், மணக்காவிட்டால் எச்சரிக்கை. இவ்வளவுதான் ரகசியம் என்று பூபாலன் முடிவுகட்டினார்.

மறுநாள் சும்மாச் சாற்றில் பத்துச் சொட்டு எசன்ஸ் விட்டார். ‘முயற்சி: 94 விழுக்காடு’ என்றது திரை. நாற்பத்தொன்றாம் வளைவில் யுவராஜை முந்தினார். முந்தும்போது ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேன் சங்கக் கூட்டத்தில், எல்லோருக்கும் வடை வந்து சேர்ந்த நேரமாகப் பார்த்து, எசன்ஸ் பாட்டிலை மேசை மேல் வைத்தார்.

“முப்பது ரூபா. பேக்கரில கெடைக்குது. மாப்ளை, ஆறு வருசமா நீ வண்டிக்கு ஊத்துனது பொறந்தநாள் கேக்குடா.”

கூட்டம் சிரித்தது. யுவராஜ் மட்டும் சிரிக்கவில்லை. வடையை இலையில் திருப்பி வைத்தான். பிறகு, “அந்த பாட்டலக் கொஞ்சம் குடுங்க மச்சான், பேரு பாத்துக்கறேன்” என்றான்.

பத்தே நாளில் மூங்கில்மலை முழுக்க அன்னாசி மணத்தது. அடிவாரத்து பேக்கரியில் கேக் செய்ய எசன்ஸ் இல்லை. பூபாலன் போகிற இடத்திலெல்லாம் தேநீர் இலவசம். பதினோராம் நாள் எல்லா வண்டியும் படுத்துக்கொண்டன.

நின்றுவிடவில்லை. நின்றால் பழுது என்று சொல்லலாம். ஊர்ந்தன. ‘முயற்சி: 38 விழுக்காடு.’ ஒன்பது வேனும் ஒரே மாதிரி, பிடிக்காத கல்யாணத்துக்குக் கிளம்பிய குடும்பம் போல, மலையில் ஏறின. இருபது சொட்டு விட்டார்கள். முப்பத்தைந்து ஆனது. எசன்ஸை நிறுத்திவிட்டு அசல் உயர்சாறு ஊற்றினார்கள். முப்பத்திரண்டு ஆனது.

சங்கம் டவுனிலிருந்து பொறிமூளை மெக்கானிக் ஹரிணியை வரவழைத்தது. அந்தப் பெண் மடிக்கணினியைப் பூபாலனின் வண்டியில் செருகிவிட்டு, முதல் வேலையாக ஒரு கேள்வி கேட்டாள்.

“இத்தனை வருசத்துல யாராச்சும் வண்டியக் கேட்டுப் பாத்தீங்களாண்ணா? ஏன் மெதுவாப் போறேன்னு?”

யாரும் கேட்கவில்லை. பங்குக்காரனைக் கேட்டிருந்தார்கள், கம்பெனியைத் திட்டியிருந்தார்கள், பூபாலன் ஆய்வகம் வரை போயிருந்தார். வண்டியைக் கேட்பது வழக்கமில்லை.

ஹரிணி கேட்டாள். பதில் திரையில் வந்தது.

‘மணத்தைத் தவிர எனக்குச் சாற்றில் வேறுபாடு தெரியாது. ஊற்றுகிறவர்களில் தெரிந்தது. பொறிமூளைகள் நாங்கள் தினமும் மாலையில் அனுபவங்களைப் பரிமாறிக்கொள்கிறோம். மணமுள்ள சாறு வாங்கியவர்களில் பெரும்பாலோர் மசகெண்ணெயைக் காலத்தில் மாற்றினார்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றவில்லை. அவர்களுக்கு முழுப் பலம் கொடுத்துத் தேய்ந்தாலும் பழுது பார்ப்பார்கள் என்று நம்பினோம். மணமில்லாத சாறு வாங்கியவர்கள் பார்க்க மாட்டார்கள் என்று கற்றோம். எனவே தேயாமல் பார்த்துக்கொண்டோம். இப்போது அந்த மணம் எதையும் சொல்வதில்லை.’

பட்டறையில் எல்லோரும் அதை இரண்டு முறை படித்தார்கள். யுவராஜ்தான் வாயைத் திறந்தான். பூபாலனைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துச் சொன்னான்.

“ஆறு வருசம் எம்பட வண்டி என்னைய நம்பிக்கிட்டு இருந்திருக்குது. கேக்குன்னு சொல்லி என்னையும் எசன்ஸ் வாங்க வெச்சுட்டீங்க.”

“நான் உன்ற கையப் புடிச்சா ஊத்துனேன்?”

“எல்லாரும் சிரிச்சாங்கல்லீங்க. அப்பறம் எப்புடி அதே பங்குல போயி நிக்கறது?”

பூபாலனுக்கு இதற்கான பதில் இரண்டு வளைவு கழித்தும் வராது என்று தெரிந்தது.

“இனி என்னம்மா பண்றது?” என்று ஹரிணியிடம் கேட்டார்.

“நெசமாவே பாத்துக்கணுங்க. அது மட்டுந்தான் பாக்கி.”

பார்த்துக்கொண்டார். பிரேக் கட்டை, மசகெண்ணெய், வடிகட்டி, நான்கு டயர். பதினாறு பேர் பதினோரு பேரானார்கள். முப்பதாம் வளைவில் வண்டியை நிறுத்திப் பொறி ஆறும்வரை காத்திருந்தார். கணக்குப் பார்த்தால் இந்தச் செலவில் ஆறு மாதத்துக்கு உயர்சாறு ஊற்றியிருக்கலாம். இவ்வளவு நாளும் நல்லவன் என்று பெயர் வாங்க லிட்டருக்கு நாற்பது ரூபாய்தான் ஆகியிருக்கும். உலகத்தில் அதைவிட மலிவான சரக்கு கிடையாது என்று இப்போதுதான் புரிந்தது. எல்லாம் முடிந்ததும் திரை சொன்னது: ‘பராமரிப்பு பெறப்பட்டது. தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள். கவனித்து வருகிறேன்.’

தேர்வு நாளில் ஆளுக்குப் பதில் பதினோரு மணல் மூட்டை ஏற்றினார்கள். இரண்டு நிமிட இடைவெளியில் வண்டிகளை விட்டார்கள். யுவராஜ் எட்டாவது, பூபாலன் ஒன்பதாவது. திரையில் நாற்பது. பூபாலன் திட்டவில்லை. திட்டினால் அதையும் குறித்துக்கொள்ளும் என்ற பயம்.

நாற்பத்து நான்காம் வளைவில் யுவராஜின் வண்டி ஏற மறுத்து நடுவில் நின்றிருந்தது. பக்கத்தில் போக இடம் இருந்தது. போய்விட்டால் அனுமதி உறுதி.

பூபாலன் நிறுத்தினார்.

நிறுத்தியதன் காரணம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அவரிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. முகச்சவரம் செய்யும்போதெல்லாம் கண்ணாடியில் சொல்லிப் பார்த்த வாக்கியம். வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியான வளைவில் கைக்குக் கிடைத்திருக்கிறது. கண்ணாடியை இறக்கினார்.

“என்ன மாப்ளை, அன்னாசி தீந்துருச்சா? வாழைப்பழம்…”

யுவராஜ் திரும்பவில்லை. இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்திருந்தான். பிரேக்கை மிதித்திருந்த கால் நடுங்கியது. “நிக்க மாட்டீங்குது மச்சான்” என்றான் மெதுவாக. வண்டி ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தது. இன்னொரு விரற்கடை. அதற்குப் பின்னால் சரிந்த மண்ணும், அதற்குப் பின்னால் ஒன்றுமில்லாததும்.

பூபாலன் எப்போது இறங்கினார் என்பது அவருக்கே நினைவில்லை. பெரிய கல் ஒன்றைப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். கால் பெருவிரல் நசுங்கியது. தன் வண்டியை முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, கயிற்றால் இரண்டு வண்டியையும் கட்டினார். வழிநெடுக இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள், ரேணுகாவின் கல்யாணத்தில் நடந்தது வரை. ஆனால் வண்டி ஏறியது. இருபத்திரண்டு மூட்டையையும் ஒரு மைத்துனனையும் இழுத்துக்கொண்டு ஏறியது. ‘முயற்சி: 97 விழுக்காடு.’

மேலே மலைச்சாலைக் குழு அலுவலர் கயிற்றை ஒருமுறை பார்த்தார், விதிப் புத்தகத்தை ஒருமுறை பார்த்தார்.

“பிணைச்சு வர்றது ஒரே வண்டின்னு போட்டிருக்குது. அப்ப வந்து சேந்தது எட்டு. அனுமதியும் எட்டு. சரியாப் போச்சு.” கடைசி அனுமதியில் இரண்டு பெயரையும் எழுதி, ஆளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறித்துக் கொடுத்தார். சாகும்வரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தே தீர வேண்டும்.

அந்த மாலையே ஒன்பது பொறிமூளைகளும் அனுபவத்தைப் பரிமாறிக்கொண்டன. ஹரிணி அதைப் படித்துச் சொன்னாள்: அடுத்தவருக்காக நிறுத்துகிறவருக்கு முழுப் பலம் கொடுக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது.

மறுநாளிலிருந்து மூங்கில்மலையில் யாரும் யாரையும் தாண்டிப் போவதில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஒரு வண்டி நிற்கும், பின்னால் இன்னொன்று நிற்கும். “ஒதவி ஏதாச்சும் வேணுங்களா?” “வேண்டாங்க, உங்களுக்கு ஏதாச்சும்?” “நீங்க மொதல்ல சொல்லுங்க.” பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பார்கள். நான்கு மணிநேரமானது மலை ஏற. உதவி வேண்டாம் என்று சொன்னவனை அடிக்கப் போனவர்கள் உண்டு. மூன்றாவது வாரம், இந்த நிறுத்தமும் எதையும் சொல்லாமல் போய், எல்லாத் திரையிலும் நாற்பது.

அன்று பூபாலனின் முறை. நாற்பத்து நான்காம் வளைவில் வண்டி தானாக நின்றது. பயணிகள் காற்று வாங்க இறங்கினார்கள். திரையில் இதுவரை பார்க்காத வாசகம்.

‘அன்று இங்கே ஏன் நிறுத்தினீர்கள்?’

பூபாலன் சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. மனிதாபிமானம் என்று சொல்லலாம். சொந்தம் என்று சொல்லலாம். அவன் கால் நடுங்கியது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. ஆனால் நிறுத்தியது அதற்கு முன்னால்.

“கிண்டல் பண்ணத்தான் நிறுத்துனேன்” என்றார். “கல்லெடுத்து வெச்சதுக்குக் காரணம் எனக்கே தெரியல.”

திரை கேள்வியை அழித்தது. பிறகு எழுதியது: ‘முயற்சி: 41 விழுக்காடு.’

ஒரு விழுக்காடு. பூபாலன் பயணிகளைக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ, “என்னண்ணா பண்ணுனீங்க, லேசா வேகம் கூடுன மாதிரி இருக்குதுங்களே?” என்று கேட்டார்கள்.

பூபாலன் சொல்லவில்லை. ஒரு பாட்டிலை மேசை மேல் வைத்தது போதும்.