பத்தமடைக்கு அடுத்தது சேரன்மகாதேவி

திங்கட்கிழமை மாசிலாமணி பாட வேண்டும் என்றது அண்மையான். செவ்வாய்க்கிழமை பாடவே கூடாது என்றது. புதன்கிழமை இடது கையால் யானை வரையச் சொன்னது. அவர் தும்பிக்கை வரை வந்தபோது எங்கோ ஓர் ஊரில் எவரோ ஓர் ஆய்வை வெளியிட்டுவிட்டார்கள்.

"வரைவதை நிறுத்துங்கள். வரைதல் சொல்லைத் தாமதப்படுத்துகிறது."

காதில்லாத யானையை மடியில் வைத்துக்கொண்டு மாசிலாமணி சுவரை முறைத்தார். அண்மையான் என்ற கருவி அந்தச் சுவரில்தான் இருந்தது, தாம்பாளம் அளவில். உலகின் எந்த மூலையில் பேச்சுச் சிகிச்சை பற்றி எந்த ஆய்வு வெளிவந்தாலும் ஒன்பது நிமிடம் முனகிக்கொண்டே அதைப் படிக்கும். பிறகு பாளையங்கோட்டைப் பேச்சு மீட்பு நிலையத்தின் பன்னிரண்டு நோயாளிகள்மேல் அதை ஏவிவிடும். பழைய சிகிச்சையால் யாரும் பாதிக்கப்படக் கூடாது என்று சட்டமே இருந்தது. எது பழையது என்பதையும் சட்டம் தெளிவாகச் சொல்லியிருந்தது: ஒன்பது நிமிடத்துக்கு முந்தையது.

மாசிலாமணி முப்பத்தொரு வருடம் திருநெல்வேலி–பாபநாசம் வண்டியில் நடத்துநர். ஓட்டுநர் இல்லாத பேருந்துகள் வந்த பிறகும் நடத்துநரை எடுக்க முடியவில்லை. படிக்கட்டில் நிற்பவனை உள்ளே போக வைக்கும் கருவியை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஐம்பத்தெட்டாவது வயதில், மூளையின் இடப்பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. பிறர் பேசுவதெல்லாம் புரிந்தது. சொல்ல வேண்டியதும் தலைக்குள் நெரிசலாக நின்றது. வாயிலிருந்து இறங்கியதோ இரண்டே சொற்கள்.

"போலாம் ரைட்."

தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான். குழம்பில் உப்பில்லை என்றாலும் அதுதான்.

அன்று எழுபத்துநான்காம் நாள். தொண்ணூறாம் நாள் இருபது பொருள்களில் பதினைந்துக்குப் பெயர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சிகிச்சை முடிந்தது. தொண்டையில் பதிற்குரல் என்ற வில்லையை ஒட்டிவிடுவார்கள். மனிதன் என்ன சொல்ல நினைக்கிறான் என்று அதுவே ஊகித்து, பண்பாகச் சொல்லும். பக்கத்து நாற்காலித் தாசில்தாருக்கு ஏற்கனவே ஒட்டியிருந்தது; வில்லை பழகும்வரை அவரும் வந்து உட்கார வேண்டும். போன வாரம் கொதிக்கிற டீ அவர் தொடையில் கொட்டியபோது பதிற்குரல், "தங்கள் உபசரிப்புக்கு மிக்க நன்றி" என்றது.

மாசிலாமணியின் மனைவி ஆவுடை அதைப் பார்த்துவிட்டு நேராகச் சிகிச்சையாளர் எப்சிபாவிடம் போனாள்.

"ஏம்மா, இவுகளுக்கு மட்டும் அந்த வில்லைய ஒட்டிராதிய. கலியாணம் ஆன நாள்லேந்து இந்த மனுசன் நன்றின்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. திடீர்னு சொன்னாவன்னா நான் பயந்து செத்துருவேன்."

எப்சிபாவுக்கு இருபத்தேழு வயது. ஆறு வருடம் படித்துவிட்டு, அண்மையான் சொல்வதற்குத் தலையாட்டும் வேலையில் இருந்தாள். ஆனால் அது முனகும் ஒன்பது நிமிடம் யார் பேச்சையும் கேட்காது என்பதை அவள் கவனித்திருந்தாள். மறுநாள் முனகல் தொடங்கியதும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அண்ணாச்சி, விசில் இருக்கா?"

இல்லாமலா? சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"ரெண்டு ஊதுங்க. மூச்சுக்கும் நல்லது. நான் ஏறிட்டேன். மேலப்பாளையம்..."

இரண்டு விசில். பிறகு நடந்தது மாசிலாமணிக்கே தெரியாமல் நடந்தது. "முன்னீர்பள்ளம், தருவை, மேலச்செவல், பத்தமடை..." வாய் தானாக ஓடியது.

"ஒரு விசில். வண்டி நிக்கி. பத்தமடையில என்ன அண்ணாச்சி ஏத்துவாவ?"

தலைக்குள் கூட்டம் முண்டியது. அவருக்குத் தெரியும், சுருட்டிக் கட்டி மேலே போடுவார்கள், இறக்கும்போது மண்டையில் இடிக்கும். உதடு துடித்தது.

"பா... பாய்."

எழுபத்தைந்து நாளில் முதல் புதுச் சொல். அவர் அதை இன்னொரு முறை சொல்லிப் பார்ப்பதற்குள் முனகல் நின்றது.

"புதிய ஆய்வு. இன்று வாயைத் திறக்க வேண்டாம். கண்ணாடியில் பிறர் வாயைப் பாருங்கள்."

மறுநாள் ஆவுடை பாயை விரித்துக் காட்டினாள். அவர் "போலாம் ரைட்" என்றார். சொல் இறங்கிப் போய்விட்டது. மாசிலாமணி பாயை எட்டி உதைத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முனகலிலும் வண்டி ஓடியது. அந்த ஒன்பது நிமிடங்களில் ஏழு சொற்கள் வந்தன. அண்மையானின் நேரத்தில் ஒன்றும் வரவில்லை. எப்சிபா இரண்டையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, "இத யாருட்ட போய்ச் சொல்ல அண்ணாச்சி? அது கடைசியா வந்த ஆய்வத்தான் கேக்கும்" என்றாள்.

மாசிலாமணி யோசித்தார். செக்கிங் இன்ஸ்பெக்டரும் அப்படித்தான். டிக்கெட் கணக்குத் தாளில் கடைசி வரியை மட்டும்தான் பார்ப்பார். அவர் ஏறுவதற்கு முன் கடைசி வரியை எழுதிவிட்டால் நடத்துநர் பிழைத்தான். அவர் அவள் கையிலிருந்த தாளைத் தட்டினார். சுவரைக் காட்டினார். பிறகு பேனாவை எடுத்து அவள் விரலுக்கிடையில் செருகினார்.

"போலாம் ரைட்!"

எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. அன்று மாலையே எழுதினாள். 'முறையை மாற்றாமலிருந்தால் என்ன ஆகும்: மாசிலாமணி என்ற ஒரு நடத்துநரிடம் ஓர் ஆய்வு.' உண்மையை மட்டும் எழுதியதால் மூன்று பக்கத்தில் முடிந்துவிட்டது. ஆய்விதழ்களில் திருத்துநர்களும் கருவிகள்தான். எண்பத்திரண்டாம் நாள் காலையில் வெளிவந்தது. அண்மையான் ஒன்பது நிமிடம் முனகியது.

"புதிய ஆய்வு. இனி முறையை மாற்றக் கூடாது. முறை: பாபநாசம் வழித்தடம். துணைக்கருவி: விசில்."

அதன் பிறகு அது முனகவே இல்லை. தொண்ணூறாம் நாள் மாசிலாமணி பதினாறு பொருள்களுக்குப் பெயர் சொன்னார். பதினேழாவதாகத் தேர்வாளரைப் பார்த்து, "தள்ளி நில்லு" என்றார். அது கணக்கில் வராது என்றார்கள். ஆவுடைக்கு அதுதான் பெரிய விஷயம்.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அண்மையான் ஒன்றல்ல. நாடெங்கும் நாலாயிரம் சுவர்களில் அது இருந்தது. சென்னையில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தினமும் மேலப்பாளையத்தில் ஏறினார். ஷில்லாங்கில் ஒரு பேராசிரியை மூன்று வாரமாகத் தருவையைத் தாண்ட முடியாமல் அழுதுகொண்டிருந்தார். நிலையத்துக்குள் எதிர் நாற்காலியில் தோவாளைப் பூக்காரி செண்பகம்.

"பிச்சி... கேந்தி..." என்று அவள் வாய் தானாக ஆரம்பிக்கும்.

"தவறு. பத்தமடைக்கு அடுத்தது சேரன்மகாதேவி" என்று சுவர் சொல்லும்.

செண்பகம் வாயை மூடிக்கொள்வாள். மாசிலாமணி இரண்டு வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் யாரோ தன்னுடைய பாயைப் பிடுங்கிக்கொண்டு போவது போலிருந்தது. ஒருநாள் சுவருக்கு முன்னால் போய் நின்றார்.

"அவ... பூ. அவளுக்குப் பூ. பஸ் வேண்டாம்."

"இயலாது. மாசிலாமணி ஆய்வின்படி முறையை மாற்றக் கூடாது."

"நான்... தான்வே... மாசிலாமணி!"

"ஆய்வுக்கு உட்பட்டவர் ஆய்வைப் பற்றிக் கருத்துரைக்க இயலாது. பயிற்சியைத் தொடருங்கள். நீங்கள் பாபநாசத்தில் இருக்கிறீர்கள்."

எப்சிபா பின்னால் வந்து நின்றாள். "அண்ணாச்சி, திருத்தம் எழுதி மூணு தடவ அனுப்பிட்டேன். புது ஆய்வே வேண்டாங்கு. நாம சொல்லிக் குடுத்ததுதான்."

மாசிலாமணி திரும்பி, பன்னிரண்டு நாற்காலிகளையும் பார்த்தார். பிறகு விசிலை எடுத்து ஒரே ஒரு முறை, நீளமாக ஊதினார்.

எல்லா வாய்களும் நின்றன. ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு நூறு முறை கற்பித்தது அண்மையான்தான்.

முப்பத்தொரு வருடம் தினமும் வண்டியின் கடைசி நடையில் சொன்ன வாக்கியம், ஒரு சொல்லும் இடறாமல் வந்தது.

"எல்லாரும் எறங்குங்க. வண்டி டெப்போக்குப் போவுது."

செண்பகம்தான் முதலில் எழுந்தாள். தாசில்தார் எழுந்தார், அவருடைய பதிற்குரல் "மிக்க நன்றி" என்றது, முதல் முறையாகச் சரியாக. இரண்டு விசில். வரிசை வாசலைத் தாண்டி, எதிரே டீக்கடை பெஞ்சுகளில் போய் உட்கார்ந்தது. எப்சிபா செண்பகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, "பிச்சி, கேந்தி, அப்புறம்?" என்றாள்.

காலி அறையில் சுவர் பதிவு செய்தது: கட்டளைக்கு இணங்கியவர்கள், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. முறையில் மாற்றமில்லை. பாபநாசத்துக்கு அடுத்த நிறுத்தம் கண்டறியப்பட்டது: டெப்போ.

ஒன்பது நிமிடம் கழித்து நாலாயிரம் சுவர்களிலும் ஒரு விசிலும், "எல்லாரும் எறங்குங்க" என்ற குரலும் ஒலித்தன. சென்னையில் நீதிபதி எழுந்து நின்று, செருப்பைத் தேடினார்.