பதினாறு டிகிரி

அறை காலியாக இல்லை என்றது கைபேசி.

ஜெயமணி ஹாலில் நின்றுகொண்டிருந்தாள். படுக்கையறைக் கதவைச் சாத்தியது அவள்தான். உள்ளே ஒரு ஈ காக்கை கிடையாது. இரவு ஏழு மணிக்குத் தொழிற்சாலைக்குள் நுழைந்து, பன்னிரண்டு மணி நேரம் அந்த ஐஸ்பெட்டிக் குளிரில் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்து, ஃபேக்டரி பஸ் ஜன்னலில் தலை இடிக்க இடிக்கத் தூங்கி, புலாவ் செபாங்கில் இறங்கி வீடு வந்து சேர்ந்தவளுக்கு, இந்தச் சனியனோடு மல்லுக்கட்ட உடம்பில் தெம்பு இல்லை.

"என்னம்மா சொல்லுது?" ஸ்பீக்கரில் மகன் தனேஷின் குரல், பெர்த்திலிருந்து.

"அதே பாட்டுதாண்டா. ரூம்ல ஒரு ஆள் இருக்காங்களாம்."

"ஃபேன் ஓடுதா?"

"நிறுத்திட்டேன்."

"பூனை கீனை உள்ள பூந்திருச்சா?"

"பூனைக்கு நான் எங்கடா போவேன்!"

தனேஷ் அனுப்பி வைத்த சாமான் அது. ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டாம். உள்ளங்கையளவு வெள்ளைச் சதுரம். ஏர்கோனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டால், அறையில் எத்தனை பேர் என்று பார்த்து, யாருக்கு எவ்வளவு குளிர் பிடிக்கும் என்று கற்றுக்கொண்டு, அதுவே ஏர்கோனுக்கு உத்தரவு போடும். அம்மா நன்றாகத் தூங்கினாளா என்று அவனும் அங்கிருந்தே பார்த்துக்கொள்வான். அப்பா போய் மூன்று மாதம்தான் ஆகிறது. தனியாக இருக்கும் அம்மாவை நினைத்து அவனுக்குப் பயம். ஆனால் முதலில் அது காலி அறையை அளவெடுக்க வேண்டும். அதற்குத்தான் நான்கு தடவையாக இந்தக் கூத்து.

திரையில் இப்போது இரண்டே பொத்தான்கள். மீண்டும் முயல்க. இல்லையென்றால், அறையில் இருப்பவரைப் பதிவு செய்க.

"சும்மா ஒரு பேர குடுத்துருங்கம்மா. அப்புறம் டிலீட் பண்ணிக்கலாம் லா. எனக்கு மீட்டிங் இருக்கு."

மைக் படத்தைத் தொட்டாள். பெயரைச் சொல்லவும் என்றது.

மூக்குக்கண்ணாடி கையில் இல்லை. கண் எரிந்தது. தூக்கம் தொண்டைவரை வந்து நின்றது. வாயில் எது முதலில் வந்ததோ அதைச் சொன்னாள்.

"சேகரன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. முப்பத்தொரு வருடத்தில் அவள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. தனேஷ் அப்பா என்பாள், இல்லையென்றால் 'இந்தாங்க' என்பாள். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் நோயாளி பெயர் கேட்டால்கூட அடையாள அட்டையைத்தான் நீட்டுவாள். புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று வளர்ந்தவள், செத்து மூன்று மாதம் ஆன பிறகு, மூடிய கதவைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டாள்.

வரவேற்கிறோம் என்றது கைபேசி. அமைப்பு முடிந்தது.

ஜன்னலில் கறுப்புத் துணி அடித்திருந்தது. பகலில் தூங்குகிறவளுக்கு வீட்டிலேயே இரவு செய்துகொள்ள வேண்டும். இருபத்தாறு டிகிரி வைத்தாள். ஏர்கோன் 'டிட்' என்றது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, பழைய பழக்கத்தில் சுவரோரம் அவருக்கு இடம் விட்டுப் படுத்தாள்.

பல் கிட்டிக்கொண்டு முழிப்பு வந்தபோது மணி பன்னிரண்டு. வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்கும் நேரத்தில், அந்த இருட்டுக்குள் மூக்கு நுனி மரத்துப்போகும் குளிர் அடித்தது. ஏர்கோன் தண்ணீரின் பழைய துணி வாடைக்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. தைலம். அவர் விளங்காத கைக்கு அவள் தேய்த்துவிட்ட தைலம். கைபேசியை எடுத்துப் பார்த்தாள்.

பதினாறு டிகிரி. சேகரனின் விருப்பம். அறையில் இருப்பவர்கள்: இரண்டு.

நீக்கு என்று அழுத்தினாள். அறையில் இருக்கும் ஒருவரை நீக்க முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

பதினாறுதான் அவருக்கு எப்போதும். வாதம் வந்து இடப்பக்கம் விழுந்து, ரிமோட்டை எடுக்கக்கூட முடியாமல் கிடந்தபோதும், "புழுங்குது மணி, பதினாறு வை" என்பார். அவர் போன அன்றைக்கும் அதைத்தான் கேட்டார். அன்றைக்கும் அவள் ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். எலும்புக்குள் தொழிற்சாலைக் குளிர். அவர் கேட்டபடி வைத்தாள். கண் மூடுகிறவரை காத்திருந்தாள். அவர் தூங்கிவிட்டார் என்று பட்டதும் அணைத்தாள். ரிமோட்டைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடித் தூங்கிப்போனாள். நாலு மணிக்கு எழுந்தபோது அறை வெந்துகொண்டிருந்தது. மெத்தை அவர் பக்கம் பிழிந்தால் சொட்டும்போல் நனைந்திருந்தது. கண் திறந்தே இருந்தது.

ஏர்கோன் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்று டாக்டரிடம் சொன்னாள். தனேஷிடமும் சொன்னாள். அவன் வந்து சேரும்வரை ஒன்றரை நாள் உடம்பை அந்த அறையிலேயே பதினாறில் வைத்திருந்தார்கள். உயிரோடு கேட்டபோது கொடுக்காததைப் பிணத்துக்குக் கொடுத்தோமே என்று அவள் நெஞ்சு இன்னும் அறுத்துக்கொண்டிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளைச் சதுரத்தைச் சுவரிலிருந்து பிய்த்து, அலமாரியில் சேலைகளுக்கு அடியில் போட்டாள். ஏர்கோன் 'டிட்' என்றது. பதினாறு. ஹாலில் படுத்துப் பார்த்தாள். வெயில் முகத்தில் அடித்தது, ரயில் போனது, பக்கத்து வீட்டு ராஜம்மா கேட்டில் நின்று யாரிடமோ உரக்கப் பேசினாள். ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. அன்றிரவு மைக்ராஸ்கோப்பின் மேலேயே தலை சாய்ந்துவிட்டது. இன்னொரு தடவை தூங்கினால் வீட்டுக்குப் போய்விடுங்கள் அக்கா என்றாள் சூப்பர்வைசர்.

மூன்றாம் நாள் காலை அவள் படுக்கையறைக்கே திரும்பினாள். பயம் இருந்தது. அதைவிட அசதி பெரிதாக இருந்தது.

இருட்டில் உட்கார்ந்தாள். சுவரோரத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"நாந்தாங்க அணைச்சேன். எனக்குக் குளுந்துச்சு. நீங்க தூங்கிட்டீங்கன்னு நெனச்சேன். கேட்டத ஒரு நாளு குடுக்க முடியல என்னால."

அழுகை வந்தது. நெடுநேரம் அழுதாள்.

டிட்.

கைபேசியைப் பார்த்தாள். பதினாறு, இருபது, இருபத்தாறு. யாரும் தொடாமல் ஏறி அங்கேயே நின்றது. குளிர் மெல்ல இளகியது. மன்னித்துவிட்டார் என்று நினைத்தாள். ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். தலை சாய்த்த மாத்திரத்தில் தூக்கம் அவளை அப்படியே விழுங்கிவிட்டது.

முழிப்பு வந்தது வெளிச்சத்தில். பக்கத்தில் கிடந்த கைபேசித் திரை எரிந்துகொண்டிருந்தது.

ஜெயமணி தூங்கிவிட்டார். ஏர்கோனை அணைக்கலாமா?

இல்லை. முழித்துத்தான் இருக்கிறேன். இல்லை என்று அழுத்தக் கையைத் தூக்கினாள்.

கை வரவில்லை.

இடது கை. தோள். கால். மெத்தையோடு தைத்ததுபோல் கிடந்தன. வலக்கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. புரள முடியவில்லை. தனேஷ் என்று கூப்பிட்டாள். வாய் ஒரு பக்கமாகக் கோணி, எச்சில் மட்டும் வழிந்தது.

சுவரோரம் மெத்தை அமுங்கியது.

தைல வாடை.

தலையணைக்கு அடியில் ஏதோ நகர்ந்தது. மெதுவாக. தூங்குகிறவளை எழுப்பிவிடக் கூடாது என்ற கவனத்தோடு ரிமோட் வெளியே உருவப்பட்டது.

டிட்.

ஏர்கோனின் மூடி கீழிறங்கிச் சாத்திக்கொண்டது. காற்று நின்றது. கறுப்புத் துணிக்குப் பின்னால் பகல் கொதித்தது. முதல் வியர்வை நெற்றியில் முளைத்து, கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க முடியவில்லை. திரையில் எண் ஏறியது. முப்பது. முப்பத்திரண்டு.

புழுங்குதுங்க என்றாள். சத்தம் வரவில்லை.

பக்கத்தில், போர்வை கழுத்துவரை இழுத்து மூடப்படும் சத்தம் கேட்டது.